ஒரு லட்சத்து மூன்றைக் கூறு போட்ட சிமியோன்

கொழும்புத்துறைக் கரையில் மீன் பிடிக்கத் தெரிந்தவர்கள் நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். பிடித்த மீனைச் சண்டையில்லாமல் பிரிக்கத் தெரிந்தவர் ஒரேயொருவர். அவர் சிமியோன். வயது நாற்பத்தேழு. சொந்தத்தில் ஒரு பழைய தோணி, கட்ட இரண்டு சாரம், மேலுக்குப் போட ஒரு நல்ல சேட். கலியாணம் இல்லை.

யுத்தத்தில் கடலுக்குத் தடை வந்த பிறகு அந்தக் கரையின் பதினொரு தோணிகளும் சேர்ந்து கரையோரமாகத்தான் வலை வளைத்தன. வந்த மீனைச் சாக்கில் கொட்டியதும் சிமியோன் குந்திவிடுவார். பெரியது ஒன்று, நடுத்தரம் இரண்டு, பொடி ஒரு கை என்று பதினொரு கூறு மணலில் எழும்பும். பிறகு யாராவது ஒருவனைக் கடலைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு கூறைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்பார். திரும்பி நிற்பவன் வாயில் வந்த பெயருக்கு அந்தக் கூறு. இருபத்தைந்து வருடத்தில் ஒருவனும், "அவன்ரை கூறு பெரிசு" என்று சொன்னதில்லை. அந்தக் கரையில் வேறு எதைப் பற்றியும் இப்படிச் சொல்ல முடியாது.

மிஞ்சியது ஒரு மீன் என்றால் வெட்டிப் பிரிப்பார். வெட்ட முடியாத ஒற்றை இறால் மிஞ்சினால் தன் வாயில் போட்டுப் பச்சையாகவே மென்றுவிடுவார். மீதி என்று ஒன்று மணலில் கிடக்க அவர் எழும்பிப் போனதே கிடையாது. நான்கு தங்கைமாரைக் கரையேற்றி முடித்தபோது அந்த வீட்டில் மிஞ்சியது சிமியோன்தான். அந்த மீதியை மட்டும் வெட்டுவதா விழுங்குவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆசை இல்லாமலில்லை. பக்கத்து ஒழுங்கையில் வின்சன்ற்றின் தங்கை யோசப்பின் இருந்தாள். நாற்பத்தொரு வயது. கிழிந்த வலை பொத்துவதில் அவளை விஞ்ச ஆளில்லை, வாயிலும் ஆளில்லை. சிமியோன் நேர்மையான மனிதர் என்பதால் அவள் வீட்டுக் கூறில் ஒரு நெத்தலிகூட அதிகம் வைத்தது கிடையாது. ஆனால், அந்தக் கூறு எதுவென்று தெரிந்த பிறகு, அதிலுள்ள மீன்களை எல்லாம் ஒரே திசையில் தலை வைத்து அடுக்கிக் கொடுப்பார். பதினொரு வருடமாக இதுதான் அவருடைய காதல் கடிதம். யோசப்பின் அதைக் கழுவி, வெட்டி, புளி விட்டுக் காய்ச்சி அண்ணனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தை மாதத்தில் சிமியோன் காணாமல் போனார்.

கண்டல் காட்டுப் பக்கம் மீன் கூடு பார்க்கத் தனியாகப் போனவர் பொழுதுபட்டும் வரவில்லை. அன்று முழுக்க இராணுவத்தின் ஹெலிகொப்டர் ஒன்று களப்புக்கு மேலே இலையான் போலச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாளும் ஆளைக் காணவில்லை. கரை முழுக்கக் கூடி நின்று, போனவரின் குணங்களைப் பற்றி இறந்தகாலத்தில் பேசத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் யோசப்பின் முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி, கோயில் இருந்த பக்கம் கையை நீட்டிக் கத்தினாள்:

"மாதாவே! சிமியோனை உயிரோடை கொண்டந்து விடு. ஒரு லட்சம் அருள்நிறை மந்திரம் சொல்லித் தாறம். மொட்டை லட்சம் வேண்டாம், பிதாவுக்கு ஒண்டு, சுதனுக்கு ஒண்டு, இஸ்பிரித்துசாந்துவுக்கு ஒண்டு. ஒரு லட்சத்து மூண்டு! மீனைப் பங்கு போடுறமாதிரிச் சரிபங்காய்ப் போட்டு, ஒண்டும் மிஞ்சாமல் சொல்லி முடிப்பம். இது நேர்த்தி!"

கரை வாயைப் பிளந்தது. காரணம், எண் அல்ல. அதுவரை அவள் வாயில் 'சிமியோனண்ணை' ஆக இருந்தவர், இந்தக் கூச்சலில் வெறும் சிமியோன் ஆகியிருந்தார். அண்ணை எந்த இடத்தில் கழன்று விழுந்தார் என்று அன்று பின்னேரம் முழுக்க ஆராய்ச்சி நடந்தது.

மூன்றாம் நாள் காலை சிமியோன் நடந்து வந்தார். ஆம், நடந்து. இயந்திரம் செத்துத் தோணி சேற்றில் ஏறிவிட்டது. ஹெலிக்குப் பயந்து வலையைப் போர்த்துக்கொண்டு இரண்டு நாள் தோணிக்குள் படுத்துக் கிடந்திருக்கிறார். பிறகு தோணியைக் கயிற்றில் கட்டி, மாட்டை இழுத்துவருவது போல இழுத்துக்கொண்டு வந்தார். தண்ணீர் இடுப்புக்கு மேலே எங்கும் இல்லை.

"இடுப்பளவு தண்ணிக்குள்ளை காணாமல் போன முதல் மனிசன் நீதான் அண்ணை," என்றான் வின்சன்ற்.

யோசப்பின் கத்தியதைக் கேட்டவர்கள் நேர்த்தியின் முழு விவரத்தையும், கழன்று விழுந்த அண்ணையையும் சேர்த்துச் சொன்னதும், சிமியோனின் கால் மறுபடியும் சேற்றில் புதைந்தது போலானது. நனைந்த சாரத்தோடு நேரே யோசப்பினின் படலைக்குப் போனார்.

"என்ன, ஓலை வாசிக்கச் சொல்லட்டோ சுவாமியாரிட்டை?" என்று கேட்டார். மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தால்தான் கலியாணம். பதினொரு வருடமாகத் தொண்டையில் நின்ற கேள்வி, பசிக் களையில் தானாகவே விழுந்துவிட்டது.

யோசப்பின் வலை ஊசியைக் கீழே வைக்கவில்லை. "வாசிக்கட்டும். ஆனால் நேர்த்தி முடியாமல் நான் கழுத்தை நீட்டமாட்டன். மாதாவுக்குக் கடன் வைச்சிட்டுக் கலியாணமோ? மாசி முடிய விபூதிப் புதன் வருகுது. அண்டையிலிருந்து நாற்பது நாள் தபசு காலம், கலியாணம் இல்லை. பதினொரு தபசு உன்ரை மீன்தலையளைப் பாத்துக்கொண்டு இருந்திட்டன். இன்னுமொரு தபசுக்கு இருக்கமாட்டன். கன்னியர் மடத்திலை சமைக்கக் கூப்பிடுகினம். அங்கை போயிடுவன்."

"மீன்தலை... உமக்குத் தெரியுமோ?"

"எனக்குக் கண் இருக்கு. உனக்குத்தான் வாய் இல்லை."

சிமியோன் ஒழுங்கையில் துள்ளிக்கொண்டு போனதை இரண்டு கோழிகளும் ஒரு கிழவரும் கண்டார்கள். ஒரு லட்சத்து மூன்று எல்லாம் ஒரு எண்ணா? கூறு போடுவதற்கென்றே பிறந்த மனிதனிடம் கூறு போடும் வேலை வந்திருக்கிறது. மாதாவே பார்த்துத் தந்த சீதனம் என்று நினைத்தார்.

அன்று மத்தியானமே மணலில் விரலால் கணக்குப் போட்டார். பதினொரு தோணி. தோணிக்கு ஒன்பதினாயிரத்துத் தொண்ணூற்றொன்று. இரண்டு மிஞ்சியது. சரி, குடும்பமாகப் பார்ப்போம். அறுபத்து நான்கு குடும்பம். ஆயிரத்து ஐந்நூற்று அறுபத்திரண்டு, முப்பத்தைந்து மிஞ்சியது. மூன்று தெருவாகப் பிரித்தார். தெருவுக்கு முப்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்து நான்கு. அழகான எண். ஒன்றே ஒன்று மிஞ்சியது.

யோசப்பினின் மாமி லூர்த்தம்மா அதைக் கேட்டு, "ஒரு மந்திரந்தானே, நான் சொல்லிப்போட்டுப் போறன்," என்றாள்.

"அப்ப உங்கடை தெருவுக்கு ஒண்டு கூட," என்றான் வின்சன்ற். "அதைச் சொல்லித் திருநாளுக்கு மாதாவின்ரை சுரூபக் கூடு தூக்கேக்கை முன்னுக்குப் பிடிக்கிறது நாங்கள்தான் எண்டு நிப்பியள். சரிபங்கு எண்டுதான் நேர்த்தி. மிஞ்சினால் நேர்த்தி செல்லாது. நான் சொல்லேல்லை, என்ரை தங்கச்சி கடலுக்குள்ளை நிண்டு சொன்னது."

வின்சன்ற் பக்தியில் இப்படிக் கறாரானது அந்தக் கரைக்குப் புதினம். அவனுடைய வலையில் மீன் போகிற ஓட்டைகள் எத்தனை என்று அவனுக்கே தெரியாது, யோசப்பினுக்குத்தான் தெரியும். அவள் கலியாணம் செய்து போனால் அந்த ஊசி சிமியோன் வலைக்குப் போய்விடும். மடத்துக்குப் போனாலோ, மடம் கூப்பிடு தூரம். கிழிந்த வலையைக் கன்னியர் மதிலுக்கு மேலால் எறிந்தால் பொத்தி எறிவாள். வின்சன்ற்றின் வேதசாஸ்திரம் இவ்வளவுதான்.

சிமியோன் விடவில்லை. கிழவர்களை விட்டுப் பிரித்தார், பிள்ளைகளைச் சேர்த்துப் பிரித்தார். பத்தொன்பது பேருக்கு ஆறு மிஞ்சியது. முப்பத்தேழு பேருக்கு இருபத்தொன்பது. இருபத்துமூன்று பேருக்குப் பிரித்தபோது இருபத்திரண்டு மிஞ்சியது; இன்னும் ஒரேயொரு மந்திரம் இருந்திருந்தால் மீதியில்லாமல் வந்திருக்கும். அன்றிரவு அவர் சோறு தின்னவில்லை. நித்திரையில், "இது ஆருக்கு, இது ஆருக்கு" என்று புலம்பியதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

இந்த நேரத்தில்தான் கனகசபாபதி மாஸ்ரர் வந்தார். நீர்வேலிக்காரர், சைவர், பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவர். கிழமைக்கு ஒருதரம் சைக்கிளில் வாழைக்குலை கட்டிவந்து கரையில் மீனுக்கு மாற்றிக்கொண்டு போவார். குலையை இறக்கும் முன்பே சிமியோன் அவருடைய சைக்கிள் காண்டிலைப் பிடித்தார்.

"மாஸ்ரர், ஒரு லட்சத்து மூண்டு எதாலை பிரியும்?"

மாஸ்ரர் வானத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு குலையையும் மறந்து, மீனையும் மறந்து, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

அந்த நாளில் கடதாசிக்குத் தட்டுப்பாடு. மாஸ்ரர் வாழையிலையின் பின்பக்கத்தில் ஈர்க்கால் கீறித்தான் கணக்குப் போடுவார். சற்று நேரத்தில் கீறிய இடம் கறுத்து எழுத்தாகத் தெரியும். முதல்தரம் அவர் போட்ட கணக்கை அவருடைய மனைவி குணலட்சுமி விவரம் தெரியாமல் ஒரு திவச வீட்டுக்கு விற்றுவிட்டாள். அங்கே சாப்பிட்டு முடித்து இலையை மடிக்கப் போன ஒருவர், "இருநூற்றுப் பதினொன்றால் பிரிக்க, மீதி இருநூறு" என்று பின்பக்கத்தில் எழுதியிருப்பதைக் கண்டு, செத்தவர் ஏதோ சொல்ல வருகிறார் என்று எழும்பி ஓடினாராம். மாஸ்ரர் முழுவதையும் மறுபடி போட்டு, இலைகளைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, நான்காம் நாள் கொழும்புத்துறைக்குப் பறந்து வந்தார். பெல் இல்லாத சைக்கிள். வாயாலேயே பெல் அடித்துக்கொண்டு வந்தார்.

"சிமியோன்! உது முதன்மை எண்ணடாப்பா! முதன்மை எண்!"

கரை கூடியது.

"முதன்மை எண்டால்?" என்றார் சிமியோன்.

"ஒண்டாலையும் தன்னாலையும் தவிர வேறை ஒண்டாலையும் பிரியாது. இருபது வருசமாய் உதைப் படிப்பிக்கிறன். ஒருத்தனும் உதை வைச்சு என்ன செய்யிறதெண்டு கேட்டதில்லை. இண்டைக்கு ஒரு கரை முழுக்கக் கேக்குது!" அவருடைய கண் கலங்கியிருந்தது. "அதுவும் சாதாரண முதன்மையில்லை. ஆறு இலக்கம் உள்ள முதன்மை எண்ணுக்குள்ளை இதுதான் கடைக்குட்டி. ஒரு லட்சம், எல்லாராலையும் பிரியும், ஊர்ச்சொத்து மாதிரி. ஒரு லட்சத்து ஒண்டு, பதினொண்டாலை பிரியும். ஒரு லட்சத்து ரண்டு, இரட்டை. ஒரு லட்சத்து மூண்டிலை கால் வைச்சியளோ, துலைஞ்சியள்."

சிமியோன் யோசித்தார். "அப்ப பிதாவோடை நிப்பாட்டியிருந்தால் பதினொரு தோணிக்கும் சரியாய் வந்திருக்கும்."

"வாயைக் கழுவு!" என்றாள் லூர்த்தம்மா.

"எங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ மாஸ்ரர்," என்று யாரோ கேட்டார்கள்.

"வலை. வலையிலை கண் இருக்கல்லோ? நீளத்துக்கு இத்தினை, ஆழத்துக்கு இத்தினை எண்டு பின்னுவியள். பன்னிரண்டு கண் எண்டால் நாலுக்கு மூண்டு, ஆறுக்கு ரண்டு. ஒரு லட்சத்து மூண்டு கண்ணிலை வலை பின்னினால், மூலை சரியாய் வராது. எப்பிடிப் பின்னினாலும் ஒரு பக்கம் தொங்கும். சரியாய் வரவேணுமெண்டால் ஒரு கண் ஆழம், ஒரு லட்சத்து மூண்டு கண் நீளம்."

கரை அந்த வலையை மனதில் விரித்துப் பார்த்தது. "அதுக்குள்ளை என்ன மீன் வரும்?" என்றான் ஒருவன். "ஒண்டன் பின்னாலை ஒண்டாய் வந்தால் விலாங்கு வரும்," என்றான் இன்னொருவன். ஆனால் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. யோசப்பின்கூடக் கையிலிருந்த வலையை ஒருமுறை தூக்கிப் பார்த்தாள்.

"எல்லா எண்ணாலையும் பிரிச்சுப் பாத்தனீரோ?" என்றான் வின்சன்ற், சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு.

"தேவையில்லைத் தம்பி. முந்நூற்றுப் பதினாறு வரைக்கும் பாத்தால் காணும். முந்நூற்றுப் பதினேழை முந்நூற்றுப் பதினேழாலை பெருக்கினால் லட்சத்து மூண்டைத் தாண்டியிடும். பெரிய பங்காளி ஒருத்தன் இருந்தால் அவனோடை ஒரு சின்னப் பங்காளியும் இருப்பான். சின்னவன் பிடிபட்டால் பெரியவனும் பிடிபடுவான். அதிலும் முதன்மை எண்ணுகள் அறுபத்தைஞ்சாலைதான் பிரிச்சுப் பாக்கவேணும். அறுபத்தைஞ்சும் பாத்தன். எல்லாத்திலையும் மிஞ்சுது. இந்தா நிரூபணம்..."

திரும்பினார். லூர்த்தம்மாவின் ஆடு நிரூபணத்தில் நாற்பத்தோராவது எண் வரைக்கும் தின்று முடித்து, நாற்பத்திரண்டாவதை மென்றுகொண்டிருந்தது.

"ஐயோ, மாஸ்ரற்றை கணக்கை ஆடு திண்டிட்டுது!"

"அப்ப நிரூபணம் இல்லை," என்றான் வின்சன்ற், தான் எந்தக் கட்சி என்பதை ஒரு கணம் மறந்து.

"ஆடு திண்டாலும் முதன்மை முதன்மைதான்," என்று மாஸ்ரர் மிச்ச இலையை ஆட்டுக்கே கொடுத்தார். அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தார்.

சிமியோன் மட்டும் மணலில் உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் கையால் கூறு போட முடியாத ஒன்று. விபூதிப் புதனுக்கு ஒரு மாதந்தான் இருந்தது. திடீரென்று எழும்பினார்.

"மாஸ்ரர், ஒண்டாலை பிரியும் எண்டியள். அப்ப முழுக்க நானே சொல்லுறன். ஒரு ஆள், ஒரு கூறு. மீதி இல்லை."

கரை ஆரவாரித்தது. வின்சன்ற் கையை உயர்த்தினான்.

"பொறுங்கோ. ஒருத்தன் முழுக்கத் திண்டால் அது பங்கோ? இந்தக் கரையிலை தனி ஆளுக்குப் பங்கெண்டு ஆரும் கதைக்கிறதோ? பங்கெண்டால் குறைஞ்சது ரண்டு பேர் வேணும். என்ன, நான் சொல்லுறது பிழையோ சிமியோனண்ணை? நீர்தானே கூறு போடுறவர்."

சிமியோன் நேர்மையான மனிதர். அதுதான் அவருடைய வியாதி. "பிழையில்லை," என்றார். "பங்கெண்டால் ரண்டு பேர் வேணும்."

"மற்ற வழி, ஒரு லட்சத்து மூண்டு பேர் ஆளுக்கொண்டு சொல்லுறது," என்றார் மாஸ்ரர். "யாழ்ப்பாணம் முழுக்கக் கூப்பிடவேணும். நீர்வேலியை நான் பாக்கிறன். எங்கடை ஆக்கள் ஒருக்கால் சொல்லுவினம், அதுக்கொண்டும் இல்லை. நானே சொல்லுவன்."

யோசப்பின் வலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த நாள் மடத்துக்குப் போய்க் குசினியைப் பார்த்துவிட்டு வந்தாள் என்று செய்தி வந்தது. அடுப்பு நல்லது என்று சொன்னாளாம். அந்த அடுப்பைச் சிமியோன் மனதார வெறுத்தார்.

மாசி இரண்டாம் திகதி, அதாவது பெப்ரவரி இரண்டு, ஞாயிறு, மெழுகுதிரித் திருநாள். ஹெலி வருமுன் முடிக்கவேண்டும் என்று பின்னேரம் நாலரைக்கே கோயிலில் செபமாலை தொடங்கிவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சிமியோன் தூணோரம் முழங்காலில் நின்றார். உடம்புதான் அங்கே நின்றது. மனம் முப்பத்தேழால் பிரித்துக்கொண்டிருந்தது. சுவாமியார் முன்னால் நின்று, "அருள் நிறைந்த மரியாயே வாழ்க" என்று முதற்பாதியைச் சொன்னார். சனம், "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று பிற்பாதியை வாங்கி முடித்தது. மறுபடி முதற்பாதி. மறுபடி பிற்பாதி. பிறந்த நாளிலிருந்து கேட்ட சத்தம். செபமாலையின் நாலாவது மணியில் சுவாமியார் பாதியில் நிறுத்தினார். சனம் மீதியைத் தொடங்கியது.

"வெட்டுகினம்!" என்று சிமியோன் கத்தினார்.

சனம் நின்றது.

"சுவாமி, நாங்கள் மந்திரத்தை வெட்டுறம்! நூறு வருசமாய் வெட்டுறம்! நீங்கள் தலைப்பாதி, நாங்கள் வால்பாதி!"

"சிமியோன், வெளியிலை போய்க் கொஞ்சம் தண்ணி குடியும்," என்றார் சுவாமியார்.

"இல்லைச் சுவாமி. ஒரு லட்சத்து மூண்டு மந்திரம், ரண்டாய் வெட்டினால் ரண்டு லட்சத்து ஆறு பாதி. ரண்டு பேர் சொன்னால் ஆளுக்கு ஒரு லட்சத்து மூண்டு பாதி. ஒருத்தர் முதற்பாதி, மற்றவர் பிற்பாதி. சரிபங்கு! மிஞ்சாது! ரண்டு பேர்!"

ஆண்கள் பக்கத்திலிருந்து வின்சன்ற் எழும்பினான். "அரை மந்திரம் மந்திரமோ சுவாமி?"

சுவாமியார் பீடத்தைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். "அது மந்திரமில்லை எண்டால், நாங்கள் இவ்வளவு நேரமும் என்ன செய்துகொண்டிருக்கிறம், வின்சன்ற்?"

வின்சன்ற் மடையன் அல்ல. "அப்ப சரி. ரண்டு பேர் தானே? நானும் சிமியோனண்ணையும் சொல்லுவம். என்ன, எனக்குக் கொஞ்சம் ஆறுதலாய்ச் சொல்லித்தான் பழக்கம். ஐப்பசிக்குள்ளை முடிச்சிடலாம்."

பெண்கள் பக்கத்தில் முக்காடு ஒன்று எழுந்தது. "நேர்த்தி வைச்சது நான்," என்றாள் யோசப்பின். "பிற்பாதி என்ரை. நீ குந்து."

வின்சன்ற் குந்தினான். செபமாலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அன்று சனம் பிற்பாதியைச் சொன்ன வேகத்தில் மெழுகுதிரிகள் அணைந்தன என்பார்கள். அடுத்த நாள் செய்தி கேட்டு வந்த மாஸ்ரர் மணலில் குந்தி, ஈர்க்கால் கீறிப் பார்த்துவிட்டுத் தன் தொடையில் அடித்துக்கொண்டார்.

"ரண்டு லட்சத்து ஆறு. காரணிகள் நாலு. ஒண்டு, ரண்டு, ஒரு லட்சத்து மூண்டு, ரண்டு லட்சத்து ஆறு. ஒரு ஆள் பங்காகாது. லட்சம் பேர் வரமாட்டினம். மிச்சம் ரண்டு. நடுவிலை மூண்டாம் ஆளுக்கு இடமில்லை!" மூன்றாம் ஆள் வின்சன்ற் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மாசி மூன்றாம் திகதி காலை தொடங்கினார்கள். பங்குனி முதலாம் திகதிக்குள் முடியவேண்டும். நாளைக்கு மூவாயிரத்து ஐந்நூற்று எழுபத்திரண்டு. மந்திரத்துக்குப் பத்து விநாடி என்றாலும் பத்து மணித்தியாலம். அந்த வருடம் மாசிக்கு இருபத்தொன்பது நாள் இருந்ததால் தப்பினார்கள். அந்த ஒரு நாளை மாதாவே கலண்டரில் செருகியதாக லூர்த்தம்மா இன்றைக்கும் நம்புகிறாள்.

கவிழ்த்துப் போட்ட தோணிக்கு ஒரு பக்கம் சிமியோன், மறுபக்கம் யோசப்பின். நடுவே லூர்த்தம்மா, காவலுக்கும் கணக்குக்கும். ஒரு செபமாலைக்கு ஐம்பத்துமூன்று மந்திரம். முடிய முடியத் தோணியின் வயிற்றில் ஒரு கரிக்கோடு. கலியாணம் ஆகாத இரண்டு பேர் பகல் முழுக்க முகம் பார்த்திருக்கலாமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். வந்து பார்த்தவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்தது. அவ்வளவு வேகத்தில் செபம் சொல்கிறவர்களுக்குப் பாவம் செய்ய மூச்சு எங்கே இருக்கும்?

"வெத்திலை போட்டிட்டு வராதை, சொல்லு விழுங்குப்படுது," என்பாள் யோசப்பின், இரண்டு செபமாலைக்கு நடுவே.

"போடேல்லை."

"அப்ப ஏன் வாய் சிவந்திருக்கு?"

"பல்லு குத்தினனான்."

"சரி, சொல்லு."

நாள் முழுக்க அவர்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை இவ்வளவுதான். ஆனாலும் சிமியோனுக்கு அதுபோல் ஒரு சுகம் வாழ்க்கையில் வந்ததில்லை. தான் பாதியில் விட்டதை எதிரில் ஒருத்தி சரியான இடத்தில் பிடித்து முடிக்கிறாள். அவள் முடித்த இடத்தில் தான் தொடங்கினால் போதும். பதினோராம் நாள் ஹெலி வந்தது. பங்கருக்குள் பாயும்போது சிமியோன் முதற்பாதியின் கடைசிச் சொல்லில் இருந்தார். யோசப்பின் பிற்பாதியைத் தலைகீழாக விழுந்தபடியே சொல்லி முடித்தாள். வின்சன்ற் பங்கருக்குள் நசுங்கியபடி, "இது கணக்கிலை சேராது, முழங்காலிலை நிக்கேல்லை," என்றான். "உன்ரை முதுகிலைதான்ரா நிக்கிறாள்," என்றாள் லூர்த்தம்மா.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு சிமியோனின் தொண்டை அடைத்தது. மூன்றாம் ஓலைக்குள் யோசப்பினுடையதும் போனது. ஆடாதோடை, மல்லித் தண்ணீர், தேன், மாஸ்ரர் கொண்டுவந்த வாழைப்பூச் சாறு, எல்லாம் பார்த்தார்கள். கடைசி மூன்று நாள் காற்றுத்தான் வந்தது. உதடு பார்த்துக் கோடு போட்டாள் லூர்த்தம்மா. பங்குனி முதலாம் திகதி பின்னேரம் ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறு கோடு முடிந்து, மேலும் நாற்பத்தைந்து மந்திரம். கடைசி மந்திரத்தின் முதற்பாதியைச் சிமியோன் சொல்லி முடித்தபோது கரை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. யோசப்பின் பிற்பாதியைச் சொன்னாள். ஆமென் என்பது மட்டும் ஒரு கீச்சுச் சத்தமாக வெளியே கேட்டது. மாஸ்ரர் சைவர் என்பதை மறந்து சிலுவை போட்டார், தவறான தோளில் தொடங்கி.

செவ்வாய்க்கிழமை, விபூதிப் புதனுக்கு முதல் நாள், கலியாணம். கோயில் நிறைந்திருந்தது. சுவாமியார் புத்தகத்தைப் பார்த்து, யோசப்பினை மனைவியாக ஏற்கச் சிமியோனுக்குச் சம்மதமா என்று கேட்டார்.

சிமியோன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். தோணி இயந்திரம் பற்றாமல் இருமுவது போல ஒரு சத்தம்.

"கேக்கேல்லைச் சுவாமி!" என்றான் பின்னாலிருந்து வின்சன்ற். "சத்தமில்லாத சம்மதம் செல்லுமோ?"

சுவாமியார் ஒரு பக்கத்தைத் தேடிப் பிடித்து வாசித்தார். "பேச ஏலாதவர் தலையாட்டினால் காணும்."

சிமியோன் தலையாட்டினார். ஆட்டத் தொடங்கியவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. சுவாமியார், "காணும், சிமியோன், போதும்," என்றார். சிமியோன் அதற்கும் தலையாட்டினார். சனம் சிரிக்கத் தொடங்கியது, மாஸ்ரர் தலையாட்டல்களை எண்ணத் தொடங்கினார், சிமியோன் இரண்டு பக்கமும் பார்த்து எல்லோருக்கும் பொதுவாக ஆட்டிக்கொண்டே நின்றார். கடைசியில் யோசப்பின் முக்காட்டுக்குள்ளிருந்து கையை நீட்டி அவருடைய தாடையைப் பிடித்து நிறுத்திவிட்டு, சுவாமியாரைப் பார்த்துத் தான் ஒரேயொருதரம் தலையாட்டினாள்.